தமிழ் வரிக்குள் சமன்பாடு: லுவாலாடெக்கில் உரைக்கும் கணிதத்துக்கும் எழுத்துரு பொருத்திய அனுபவம்

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்காகக் கணக்குப் பயிற்சிக் கையேடு ஒன்றைக் கோத்துக்கொண்டிருக்கிறேன். அணிகள், கலப்பு எண்கள், நேர்மாறு முக்கோணவியல் சார்புகள், தொகையீடு என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே வரியில் தமிழும் கணிதக் குறியும் மாறி மாறி வரும். கட்டளைகளை எழுதிப் பக்கங்களைக் கோக்கும் மென்பொருளான லாடெக்கில் செய்வது என்று முடிவானதும், பாடத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே எழுத்துரு வேலையை முடித்துவிட நினைத்தேன். அதில் பார்த்ததையும் கடைசியில் நிலைத்த அமைப்பையும் இங்கே எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களையும், கூடுதல் வசதி தரும் பொதிகளின் (பேக்கேஜ்) பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; கோப்பில் அவற்றை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

முதலில், எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது. சோதனைத் தாளில் இந்த வரியை வைத்துக்கொண்டேன்: "5² + 12² = 13² என்பதால் கர்ணத்தின் நீளம் 13 செ.மீ." இதில் 13 இரண்டு தடவை வருகிறது. முதல் 13 கணித எழுத்துருவிலிருந்து வருவது. இரண்டாவது உரையில் இருப்பதால் தமிழ் எழுத்துருவோடு கூட வரும் எண் வடிவம். தமிழ் எழுத்துருவை மட்டும் மாற்றிவிட்டுக் கணிதத்தை லாடெக் இயல்பாகத் தரும் லத்தீன் மாடர்னிலேயே விட்டால், முதல் 13 மெலிந்து, கோடுகள் மயிரிழைபோல் தெரியும். இரண்டாவது 13 தடித்து, அகன்று நிற்கும். மூன்றின் தலை ஒன்றில் வளைவு, இன்னொன்றில் கிட்டத்தட்டத் தட்டை.

இதை வெறும் அழகுப் பிரச்சினையாக நான் பார்க்கவில்லை. கணிதத்தில் எழுத்தின் முகம் மாறினால் பொருளும் மாறும். தடித்த எழுத்து திசையன், சாய்ந்த எழுத்து மாறி, நேரான எழுத்து சார்பின் பெயர் என்று பழக்கித்தான் பிள்ளைகளை அனுப்புகிறோம். அப்படிப் பழகிய கண்ணுக்கு ஒரே எண்ணை இரண்டு முகத்தில் காட்டினால், அது ஒரு நொடியாவது தயங்கும். வடிவம் மாறுவது பொருள் மாறும்போது மட்டும்தான் என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டேன். பிறகு வந்த ஒவ்வொரு முடிவையும் அதை வைத்தே எடுத்தேன்.

கணித எழுத்துருக்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கணினி அறிஞர் டொனால்ட் கனூத் 1977-இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளின் தரம் பிடிக்காமல் லாடெக்குக்கு அடிப்படையான டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத ஆரம்பித்தார். எழுத்துகளை வரைய மெட்டாஃபான்ட் என்ற தனி மொழியையும் உண்டாக்கி, அதில் கம்ப்யூட்டர் மாடர்ன் குடும்பத்தை வரைந்தார். உரை எழுத்து, சாய்வெழுத்து, குறிகள், நீளும் அடைப்புகள் எல்லாம் ஒருவர் கையிலிருந்து வந்ததால் அந்தப் பக்கங்களில் பொருத்தம் தானாகவே அமைந்தது. வேறு உரை எழுத்துருவுக்குப் போனவர்களுக்குத்தான் சிக்கல். கணித எழுத்துரு என்பது எழுத்துகளோடு முடிவதில்லை. ஒவ்வொரு அடைப்புக்கும் பல உயரங்கள் வேண்டும். வர்க்கமூலக் குறி எவ்வளவு பெரிய கோவையையும் மூடும்படி துண்டு துண்டாக நீள வேண்டும். அடுக்கு எவ்வளவு ஏற வேண்டும், பின்னத்தின் கோடு எந்த உயரத்தில் ஓட வேண்டும் என்ற அளவுகளையும் எழுத்துருவே சொல்ல வேண்டும். பழைய டெக்கில் ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தான். ஒரு சமன்பாட்டுக்குள் 16 குடும்பங்களுக்கு மேல் போக முடியாது. அதனால் ஒரு கணிதத் தொகுதியைப் பல கோப்புகளாகப் பிரித்து ஒட்டித்தான் வைத்தார்கள்.

நிலைமை மாறியது மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் 2007 வந்தபோது. கேம்ப்ரியா மேத் என்ற எழுத்துருவோடு, ஓப்பன்டைப் வகை எழுத்துருக் கோப்புக்குள்ளேயே கணித அளவுகளை வைக்கும் அட்டவணை ஒன்றும் வந்தது. அதே முறையில் பின்னர் போலந்தின் கஸ்ட் குழுவினர் லத்தீன் மாடர்ன் மேத், டெக் ஜைர் பஜெல்லா மேத், டெர்ம்ஸ் மேத் போன்றவற்றை வெளியிட்டார்கள். ஸ்டிக்ஸ், லிபர்டினஸ், ஃபைரா மேத் என்று பட்டியல் நீண்டது. இவற்றை லாடெக்கில் ஒரே கட்டளையில் ஏற்ற உதவுவது வில் ராபர்ட்சன் எழுதிய யூனிகோட்-மேத் பொதி. உரைப் பக்கத்துக்கு அவருடைய ஃபான்ட்ஸ்பெக் இருக்கிறது.

லாடெக் கோப்பைப் பக்கமாக மாற்றும் இயந்திரத்துக்கு வருகிறேன். யூனிகோட் தமிழைக் கோக்க ஸீலாடெக், லுவாலாடெக் இரண்டும் உதவும். நான் லுவாலாடெக்கை எடுத்தேன். டெக் மென்பொருள்களின் ஆண்டுத் தொகுப்பான டெக் லைவின் 2020 பதிப்பு முதல், எழுத்துகளைச் சரியான வடிவில் சேர்த்துத் தரும் ஹார்ஃப்பஸ் அதற்குள்ளேயே வந்துவிட்டது. எழுத்துருவை ஏற்றும்போது ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்றும், ஸ்கிரிப்ட் தமிழ் என்றும் இரண்டையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கொம்பு இடம் மாறும். "கொடு" என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், சோதனைத் தாளின் முதல் வரியிலேயே கெ, கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றைப் போட்டுவைத்தேன். முதல் தடவை ஓட்டும்போது எழுத்துருப் பட்டியலைக் கட்டுவதற்கு நேரம் எடுக்கும்; நின்றுவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள்.

எழுத்துருத் தேர்வு. கணிதப் பக்கத்தில் ஐந்தை வைத்துப் பார்த்தேன். லத்தீன் மாடர்ன் மேத் தமிழின் பக்கத்தில் வெளிறித் தெரிந்ததால் முதலிலேயே கழிந்தது. பஜெல்லா மேத் எனக்கு மிகவும் பிடித்தது. ஹெர்மன் சாஃப் வரைந்த பாலட்டினோவின் வழிவந்தது. எண்கள் விசாலமாக, நன்றாக மூச்சுவிடும். ஆனால் தமிழ் எழுத்தே அகலமானது. அதோடு அகலமான எண்களும் சேர்ந்தால் அணிக்கோவை விரிவாக்கங்கள் ஒரு வரியில் அடங்குவதில்லை. லிபர்டினஸ் மேத் ஒழுங்கானது, குறையாகச் சொல்ல எதுவும் இல்லை. ஃபைரா மேத், கோட்டு முனைகளில் சிறு நீட்டல் இல்லாத (சான்ஸ் செரிஃப்) எழுத்து. முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றோடு வகுப்பில் திரையில் காட்டும் பாடத்துக்கு அருமையாக இருக்கும். அச்சுக் கையேட்டுக்கு அதை எடுக்கவில்லை.

கடைசியில் நின்றது ஸ்டிக்ஸ் டூ. டைம்ஸ் மரபில் வந்த எழுத்து என்பதால் வரியில் குறைந்த இடத்தைப் பிடிக்கும். ஆனால் டைம்ஸைவிடக் கொஞ்சம் திடமான நிறம். ஸ்டிக்ஸ் டூ டெக்ஸ்ட், ஸ்டிக்ஸ் டூ மேத் என்று உரைக்கும் கணிதத்துக்கும் ஒரே அளவில் வரையப்பட்ட ஜோடி இருப்பதால் ஒன்றை இன்னொன்றுக்காகப் பெரிதாக்கவோ சுருக்கவோ வேண்டியதில்லை. இதை வடிவமைத்த டைரோ டைப்வொர்க்ஸ்தான் டைரோ தமிழையும் வெளியிட்டிருக்கிறது. இலக்கியப் பதிப்புகளை மனத்தில் வைத்து வரைந்த தமிழ் எழுத்து அது. கோடு தடிப்பதும் மெலிவதும் அளவாக இருக்கும். ஒரே பட்டறையிலிருந்து வந்ததால் பொருந்திவிடும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பக்கத்தில் சமன்பாடு இருக்கும் இடமும் தமிழ் இருக்கும் இடமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்தன. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

டைரோ தமிழில் இயல்பு, சாய்வு என்ற இரண்டுதான் உண்டு. தடித்த வடிவம் கிடையாது. கையேட்டில் தேற்றம், எடுத்துக்காட்டு, தீர்வு என்று தடித்த தலைப்புகள் நிறைய. மென்பொருளே செயற்கையாகத் தடிக்கவைக்கும் போலித் தடிப்பைத் தமிழில் நான் பயன்படுத்துவதில்லை. ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். தலைப்புகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழின் தடித்த வடிவத்தை வைத்தேன். உடலுக்கு ஒன்று, தலைப்புக்கு வேறொன்று என்பது நம் பாடநூல்களில் கண்ணுக்குப் பழகிய வழக்கம்தான்.

இனி அந்த இரண்டு 13-க்கும் ஒரே முகம் தரும் வேலை. இரண்டு வழி இருக்கிறது. கணிதத்துக்குள் தமிழ் எழுத்துருவின் எண்களை இழுத்து வருவது ஒன்று; உரையில் உள்ள எண்களைக் கணிதத்தின் உறவுக்கார எழுத்துருவுக்குக் கொடுத்துவிடுவது இன்னொன்று. யூனிகோட்-மேத்தில் ரேஞ்ச் என்ற விருப்பத்தைக் கொடுத்து எண்களை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து எடுக்கலாம் என்பதால் முதல் வழி சுலபமாகத் தோன்றும். செய்து பார்த்தால் எண்கள் ஒன்றாகிவிடும், ஆனால் அவற்றைச் சுற்றியுள்ள கூட்டல் குறி, சமக்குறி, மாறிகள் எல்லாம் அந்நியப்பட்டு நிற்கும். இணக்கம் சமன்பாட்டுக்கு உள்ளேதான் முதலில் வேண்டும். ஆகவே இரண்டாவது வழி.

பல மொழிகளைக் கையாளும் பேபல் பொதியில் ஆன்சார் என்று ஒரு விருப்பம் லுவாலாடெக்குக்கு இருக்கிறது. ஆவணத்தின் அடிப்படை மொழியை ஆங்கிலமாக வைத்து, தமிழைப் பேபல்புரொவைட் கட்டளையால் சேர்த்து, ஆன்சாருக்கு ஐடிஸ், ஃபான்ட்ஸ் என்ற இரண்டு சொற்களைக் கொடுத்தால், தமிழ் எழுத்து வந்த இடத்தில் மட்டும் தமிழ் எழுத்துருவும் தமிழின் சொற்பிரிப்பு விதியும் தானாக எடுத்துக்கொள்ளப்படும். எண், புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அடிப்படை எழுத்துருவான ஸ்டிக்ஸ் டூ டெக்ஸ்டிலேயே நிற்கும். வரிக்கு வரி மொழி மாற்றும் கட்டளை போடவேண்டியதில்லை. தட்டச்சு செய்பவருக்கு இது பெரிய ஆறுதல். பதிலுக்கு, இயல் என்ற தலைப்பு, பொருளடக்கம், படம், அட்டவணை என்ற பெயர்களை நாமே தமிழில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

அளவுப் பொருத்தம் தனிக் கதை. ஃபான்ட்ஸ்பெக்கில் மேட்ச்லோயர்கேஸ் என்று சொன்னால் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தை வைத்து இரு எழுத்துருக்களையும் சமப்படுத்தும். ஆங்கிலத்தோடு ஆங்கிலம் சேர்க்கும்போது அது போதும். தமிழுக்கு அந்த உயரம் எதையும் சொல்லாது. தமிழின் உடல் உயரத்தைக் காட்டுவது ப, ம, ட போன்ற எழுத்துகள். அதனால் "பட 5 மப 8 டம" என்று ஒரு வரியைப் பெரிய அளவில் போட்டு, பகரத்தின் தலை எண்ணின் தலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும்வரை ஸ்கேல் என்ற அளவு மடங்கைக் குறைத்தேன். 11 பாயின்ட் உரையில் எனக்கு 0.92 சரியாக வந்தது. பகரமும் ஐந்தும் ஒரே உயரமாக இருந்தால் தமிழ் பக்கத்தை விழுங்கிவிடும். மிகவும் குறைத்தால் கிகரத்தின் விசிறிக்கும் ஊகாரச் சுழிக்கும் இடம் போதாமல் மங்கும்.

வரி இடைவெளியும் கூட்ட வேண்டியிருந்தது. தமிழுக்கு மேலே கீ, ரீ என்று ஏறும். கீழே ஞு, ழூ என்று இறங்கும். வரிக்குள் நின்ற பின்னமோ கூட்டல் தொடரோ வந்தால் டெக் அந்த ஒரு வரியை மட்டும் தள்ளிவைக்கும், பத்தி பல்லிளிக்கும். 1.25 மடங்கு இடைவெளி கொடுத்துவிட்டு, வரிக்குள் வரும் பின்னங்களைச் சாய்கோட்டால் எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டேன். நின்ற பின்னம் வேண்டுமென்றால் தனி வரியில் காட்டலாம்.

யூனிகோட்-மேத்தை ஏற்றும்போது வரிசை முக்கியம். சமன்பாட்டுக் கட்டளைகளைத் தரும் ஏஎம்எஸ்மேத் முதலில், பிறகு யூனிகோட்-மேத். ஏஎம்எஸ்சிம்ப் தேவையில்லை, அதன் குறிகளெல்லாம் ஏற்கெனவே எழுத்துருவில் இருக்கின்றன. தடித்த திசையன்களுக்குப் பழைய பிஎம் கட்டளைக்குப் பதில் சிம்பிஎஃப் என்பதைப் பயன்படுத்த வேண்டும். மேத்பிஎஃப் இப்போது பல எழுத்துச் சொற்களுக்கானது, உரை எழுத்துருவைத் தேடிப் போகும்.

அந்த உரை எழுத்துருத் தேடல்தான் சைன், காஸ், லாக் போன்ற பெயர்களிலும் நடக்கிறது. சார்புப் பெயர்கள் முதன்மை உரை எழுத்துருவிலிருந்து எடுக்கப்படுகின்றன. தமிழ் எழுத்துருவை முதன்மையாக வைத்தவர்கள் சமன்பாட்டில் "லாக்" மட்டும் வேறு முகத்தோடு வருவதையோ, ஆங்கில எழுத்தே இல்லாத தமிழ் எழுத்துருவானால் முழுவதும் காணாமல் போவதையோ பார்த்திருப்பார்கள். இங்கே முதன்மை எழுத்துரு ஸ்டிக்ஸ் டூ டெக்ஸ்ட் என்பதால் முக்கோணவியல் பாடம் முழுக்கத் தொல்லையின்றி ஓடியது.

ரேஞ்ச் விருப்பத்தை முற்றிலும் ஒதுக்கிவிடவும் இல்லை. கையெழுத்துச் சாயல் பெரிய எழுத்துகளை வேறொரு கணித எழுத்துருவிலிருந்து எடுத்தேன். அப்போது கவனிக்க வேண்டியது இரண்டு. முழு எழுத்துருவை முதலில் ஏற்றிவிட்டு அதன்பின்தான் பகுதியை ஏற்ற வேண்டும். கடைசியாக ஏற்றிய எழுத்துருவின் கணித அளவுகள் ஆவணம் முழுவதையும் பிடித்துக்கொள்வதுபோல் தெரிந்தால், முதன்மை எழுத்துருவை வெற்று ரேஞ்சோடு இன்னொரு முறை ஏற்றினால் தீரும். யூனிகோட் எண்களைக் கொடுத்துச் சாய்வெழுத்து வரிசையை எடுப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்த வரிசையில் சிறிய எச் இருக்க வேண்டிய இடம் காலி. பிளாங்க் மாறிலிக்கு முன்பே வேறிடத்தில் குறி கொடுத்துவிட்டதால் அதையே சாய்ந்த எச் ஆகவும் வைத்துவிட்டார்கள். வரிசையை மட்டும் எடுத்தால் எல்லா எழுத்தும் மாறி, எச் மட்டும் பழைய எழுத்துருவிலேயே தங்கிவிடும். எல்லை பாடத்தில் வகைக்கெழுவின் வரையறை முழுக்க எச் தானே.

சமன்பாட்டுக்குள் தமிழ். கணித எழுத்துருவில் தமிழ் எழுத்து கிடையாது. நேரடியாக அடித்தால் பக்கத்தில் வெறும் வெற்றிடம்தான், பதிவேட்டுக் கோப்பில் மட்டும் ஒரு வரி இருக்கும். டிரேசிங்லாஸ்ட்சார்ஸ் மதிப்பை 3 என்று வைத்தால் எழுத்து விடுபட்ட இடத்திலேயே பிழை காட்டி நிற்கும். டெக் லைவ் 2021-இலிருந்து இந்த வசதி உண்டு. தமிழில் கோப்பவர்கள் எல்லோரும் முதல் வரியாக இதைப் போட்டுக்கொள்ளலாம். பிறகு தமிழ்ச் சொல்லைச் சமன்பாட்டுக்குள் வைக்க ஒரு கட்டளையைச் செய்துகொண்டேன்: ஏஎம்எஸ்மேத்தின் டெக்ஸ்ட் கட்டளைக்குள் தமிழ் எழுத்துருவை நேரடியாக அழைக்கும். சொற்களை முறியாமல் பெட்டிக்குள் வைக்கும் எம்பாக்ஸ் கட்டளை வேண்டாம், அது கீழ்க்குறியிலும் முழு அளவிலேயே நிற்கும். டெக்ஸ்ட் கட்டளை கீழ்க்குறிக்கு ஏற்பச் சுருங்கும். "பரப்பு" என்பதன் கீழ்க்குறியாக "முக்கோணம்" என்று எழுதலாம், நன்றாகவே வரும். கீழ்க்குறிக்கும் கீழ்க்குறியாகத் தமிழைப் போடுவதைத் தவிர்த்தேன். 6 பாயின்ட் அளவில் ளு, ணை எல்லாம் புள்ளியாகிவிடும். அங்கே எண்ணே போதும்.

தேற்றங்களின் உரையைச் சாய்வெழுத்தில் போடுவது ஆங்கில வழக்கம். லாடெக்கும் இயல்பாக அப்படித்தான் செய்யும். டைரோ தமிழில் சாய்வு இருந்தும் நான் அதை எடுக்கவில்லை. தேற்றத்துக்குள் மாறிகள் சாய்ந்து நிற்க, உரை நேராக நின்றால்தான் எது மாறி, எது சொல் என்று பிரிந்து தெரியும். டெஃபினிஷன் என்ற பாணியைத் தேற்றங்களுக்கும் கொடுத்துவிட்டேன்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாறிக்கும் எண்ணுக்கும் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டும்: "13-ஆல் வகுபடும்", "எக்ஸ்-இன் மதிப்பு". ஹைஃபனுக்குப் பின்னால் வரியை முறிக்க டெக்குக்கு அனுமதி உண்டு. விளைவு, வரியின் கடைசியில் மாறியும் கோடும் தொங்கும், அடுத்த வரி "இன் மதிப்பு" என்று தொடங்கும். படிப்பவர் இடறி விழும் இடம் அது. போதாக்குறைக்கு, வரிக்கடைசியில் தனியாக நிற்கும் கோடு கழித்தல் குறிபோலவே தெரியும். முறியாத ஹைஃபன் எழுத்து யூனிகோடில் இருக்கிறது, எல்லா எழுத்துருவிலும் இல்லை. ஹைஃபனை எம்பாக்ஸுக்குள் வைக்கும் சிறு கட்டளை ஒன்றை வரையறுத்து, உருபு வரும் இடமெல்லாம் அதையே பயன்படுத்துகிறேன். பக்கங்களைப் புரட்டும்போது எனக்கு அதிகத் திருப்தி தந்த மாற்றம் இதுதான்.

தலைப்புக்குள் வரும் கணிதம் மட்டும் முழுதாகத் தீரவில்லை. ஸ்டிக்ஸ் டூ மேத்துக்குத் தடித்த தனி வடிவம் இல்லை. தடித்த தலைப்பில் சமன்பாடு வந்தால் மெலிந்து நிற்கும். கணித எழுத்துருவின் தடித்த பதிப்பாகப் போலித் தடிப்பு கொடுக்கலாம், ஸ்டிக்ஸின் வழிவந்த எக்ஸ்ஐடிஎஸ் மேத்தின் தடித்த வடிவத்தை ஏற்றலாம். தலைப்புகளையே சொல்லால் எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது. "இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள்" என்ற தலைப்பு சமன்பாட்டைவிடப் பொருளடக்கத்தில் தெளிவாக இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்ற கருவியை முனையத்தில் ஓட்டினேன். கோப்பில் பொதிந்துள்ள எழுத்துருக்கள் அனைத்தையும் அது பட்டியலிடும். ஸ்டிக்ஸ் டூவின் உரை, கணித வடிவங்கள், டைரோ தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், கையெழுத்துச் சாயலுக்கான ஒன்று; இவை தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது. லத்தீன் மாடர்னின் பெயர் ஒன்று எட்டிப் பார்த்தது. நிரல் எழுத்துக்கான குடும்பத்தை நான் மாற்றாமல் விட்டிருந்ததால் இணைய முகவரி அச்சான ஒரே இடத்தில் அது நுழைந்திருந்தது. மோனோ எழுத்துரு ஒன்றை அறிவித்ததும் பட்டியல் சுத்தமானது.

இப்போது மீதி இருப்பது படங்கள். பிற மென்பொருளில் வரைந்து ஒட்டிய வரைபடங்களின் அச்சுகளில் எண்கள் தங்கள் சொந்த எழுத்துருவோடு வருகின்றன. பக்கத்தில் 13 மறுபடி இரண்டு முகம் காட்டுகிறது. கூம்பு வெட்டிகளின் படங்களை ஒவ்வொன்றாக, கட்டளைகளால் படம் வரையும் டிக்ஸ் பொதியில் ஆவணத்துக்குள்ளேயே வரைந்துவருகிறேன். அப்படி வரைந்தால் குவியம், இயக்குவரை என்ற பெயர்கள் டைரோ தமிழிலும், ஆயங்கள் ஸ்டிக்ஸிலும், அளவு மாறாமல் வந்து உட்காருகின்றன. பரவளையங்கள் முடிந்துவிட்டன, நீள்வட்டங்களைத் தொடங்கியிருக்கிறேன்.